பிரசவ அறைக்கும் ஒத்திகை வேணும்! – தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சி முகாமில் ஆற்றிய உரை

ஞாயிற்றுக்கிழமை நடந்த மாவட்ட தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சி முகாமில் நம் அணித் தோழர் ஒருவர் பேசிய உரையின் எழுத்து வடிவம் இது. நேரில் வர முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். கடைசி வரை படியுங்கள், படித்துவிட்டுப் பகிருங்கள்.



எனக்குக் கொடுத்த தலைப்பு, "மருத்துவத் துறை பிரச்சனைகளை சமூக ஊடகத்தில் எப்படிப் பேசுவது?" அது பெரிய தலைப்பு. நான் அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிறேன். பிரசவம். அதிலும், பிரசவ நேரத்தில் திடீர்னு ஆபத்து வந்தா லேபர் ரூமில் இருக்கிற டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், மயக்க மருந்து டாக்டர், உதவியாளர் எல்லாரும் சேர்ந்து என்ன செய்யணும்னு முன்கூட்டியே பழகியிருக்காங்களா என்பதுதான் என் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவன். அப்புறம் ஏன் இதைப் பேசறேன்னா, ஒரு காரணம் இருக்கு. அதை முதலில் சொல்லிடறேன்.

நம்ம ரத்ததான வாட்ஸ்அப் குரூப் உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு ஒரு மெசேஜ். பிரசவம் முடிஞ்ச பொண்ணு, ரத்தப்போக்கு நிக்கலை, பி நெகட்டிவ் ரத்தம் அவசரம். நாங்க நாலு பேர் போன் போட்டு எழுப்பி, ரெண்டு டோனரை பைக்கில் ஏத்திக்கிட்டு போனோம். போய்ச் சேர்ந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது. வெளியே சொந்தக்காரங்க அழுகை, சத்தம். நான் என்ன செஞ்சேன்? போனை எடுத்து வீடியோ எடுத்தேன். "டாக்டர் அலட்சியத்தால் இளம்பெண் பலி"ன்னு தலைப்பு போட்டு, சோக மியூசிக் போட்டு, காலையில 6 மணிக்கெல்லாம் அப்லோட் பண்ணிட்டேன். வியூஸ் எகிறிச்சு. மாவட்டத்தில் எல்லாரும் ஷேர் பண்ணாங்க.

மறுநாள் அந்த வார்டில் வேலை பார்க்கிற ஒரு மூத்த நர்ஸம்மா, எங்க தெரு சொந்தம், என்னைக் கூப்பிட்டாங்க. திட்டலை. "தம்பி, உன் வீடியோவைப் பார்த்தேன். அந்தப் பொண்ணுக்கு ரத்தம் கொண்டுவர லேட் ஆச்சுன்னு போட்டிருக்க. ரத்தம் போகுதுன்னு எங்களுக்குத் தெரியறதுக்கே லேட் ஆயிடுச்சுப்பா. அதுக்கு அப்புறம் யார் என்ன செய்யணும்னு ஆளாளுக்கு ஓடினோம். அதைப் பத்தி யாராவது பேசுவீங்களா?"ன்னு கேட்டாங்க.

எனக்குப் பதில் இல்லை. வீடியோவை எடுத்துட்டேன். அதுக்கு அப்புறம் பல வாரம் இதைப் பத்திப் படிச்சேன், டாக்டர்கள்ட்ட கேட்டேன். படிச்சதைத்தான் இன்னைக்கு உங்க முன்னாடி வைக்கிறேன்.

முதலில் நாம எங்க நிக்கிறோம்னு பார்ப்போம்.

தமிழ்நாட்டுக்கு இதில் பெரிய வரலாறு இருக்கு. எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை 1844-ல் தொடங்கியது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் எழுதிய மகப்பேறு மருத்துவப் புத்தகம் 1938-ல் வந்தது. இன்னைக்கும் அவர் பேரில் திருத்திய பதிப்புகள் வந்து மாணவர்கள் படிக்கிறாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் உதவித் திட்டம் இருக்கு. 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுது. மாவட்டந்தோறும் சீமாங் மையங்கள் இருக்கு. இதெல்லாம் ஒரே ஆட்சியில் வந்ததில்லை. பல ஆட்சிகள், பல அதிகாரிகள், ஆயிரக்கணக்கான கிராம சுகாதார செவிலியர்கள் சேர்ந்து கட்டியது. இதை ஒத்துக்கிறதால நம்ம கட்சிக்கு எந்தக் குறைச்சலும் இல்லை.

பலன் என்ன? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்குது. கிட்டத்தட்ட எல்லாருமே.

இப்ப இன்னொரு கணக்கு. 2018-20 மாதிரிப் பதிவு கணக்கெடுப்பின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் அதில் இறக்கும் தாய்மார்கள் இந்தியா முழுக்க 97 பேர். தமிழ்நாட்டில் 54. நல்ல நிலைதான். ஆனா பக்கத்து மாநிலம் கேரளாவில் 19.

நமக்கு வருஷத்துக்கு சுமார் 9 லட்சம் பிறப்புன்னு வைத்துக்கொண்டால், 54 என்ற விகிதத்தில் 486 தாய்மார்கள். 19 என்ற விகிதத்தில் 171. வித்தியாசம் 315. ஒரு வருஷத்துக்கு, ஒரு மாநிலத்தில். மீம் போடுறதுக்கு நாம எத்தனையோ கணக்கு போடுறோம், இந்தக் கழித்தல் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க.

இந்த ரெண்டு புள்ளிவிவரத்தையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. கிட்டத்தட்ட எல்லாத் தாய்மாரும் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாங்க. அப்படின்னா நடக்கிற மரணத்தில் பெரும்பகுதி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகு நடக்குது, இல்லைன்னா ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணி போற வழியில் நடக்குது. "ஆஸ்பத்திரிக்கு வாங்க"ன்னு பிரச்சாரம் பண்ணின காலத்து வேலை முக்கால்வாசி முடிஞ்சது. வந்தவங்களை உள்ளே எப்படிக் காப்பாத்துறோம் என்பதுதான் மிச்சம்.

உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம்.

உலக அளவில் தாய்மார் இறப்புக்கு முதல் காரணம் பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி வருஷத்துக்கு ஏறத்தாழ 1.4 கோடி பெண்களுக்கு இது வருது, சுமார் 70,000 பேர் இறக்கிறாங்க. குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் கர்ப்பப்பை இறுகி சுருங்கணும். அப்படி இறுகினாத்தான் திறந்திருக்கிற ரத்தக்குழாய்கள் மூடும். அது இறுகாம தளர்ந்து கிடந்தா குழாய் திறந்த மாதிரி ரத்தம் போகும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் போய்க்கிட்டிருக்கும். உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே 5, 6 லிட்டர்தான். சிகிச்சை இல்லாட்டி சுமார் 2 மணி நேரத்தில் உயிர் போயிடும். நம்மூர்ல பல கர்ப்பிணிகளுக்கு ஏற்கெனவே ரத்தசோகை. அவங்களுக்கு அந்த 2 மணி நேரம்கூட இல்லை.

இதில் பெரிய சிக்கல், ரத்தம் எவ்வளவு போச்சுன்னு கண்ணால பார்த்து சொல்றது. துணியில் ஊறியிருக்கும், பெட்ஷீட்டில் இருக்கும், தரையில் இருக்கும், பனிக்குட நீரோட கலந்திருக்கும். அனுபவமுள்ளவங்களுக்கே தப்பும். நம்ம பக்கத்துல கர்நாடகா பெல்காமில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு எளிமையான பொருளைச் செஞ்சாங்க. பிரசவமான பெண்ணுக்குக் கீழே விரிக்கிற பிளாஸ்டிக் விரிப்பு, அடியில் புனல் மாதிரி ஒரு பை, அதில் மில்லி லிட்டர் கோடு போட்டிருக்கும். அவ்வளவுதான். அதை வைத்து அளந்து பார்த்தப்ப, கண்ணால் சொன்ன கணக்கு உண்மையான அளவைவிட சராசரியா 33 சதவீதம் குறைவா இருந்தது. 2006-ல் வெளியான ஆய்வு இது. நர்ஸம்மா சொன்ன "தெரியறதுக்கே லேட்" என்பதற்கு அறிவியல் ஆதாரம் அன்னைக்கே இருந்திருக்கு.

அதுக்கப்புறம் 2023-ல் ஒரு பெரிய ஆய்வு முடிவு வந்தது. பேரு இ-மோட்டிவ். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா என நாலு நாடுகளில் 80 மருத்துவமனைகள், 2 லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்கள். பாதி மருத்துவமனைகளில் வழக்கமான சிகிச்சை. மீதியில் கோடு போட்ட விரிப்பைக் கொடுத்து, ரத்தப்போக்கு கண்டதும் ஒன்று முடிந்து அடுத்தது என்று காத்திருக்காமல் எல்லாத்தையும் சேர்த்துச் செய்ய வைத்தார்கள். கர்ப்பப்பையை மசாஜ் செய்வது, ஆக்ஸிடோசின், டிரானெக்சாமிக் ஆசிட், குளுக்கோஸ் பாட்டில் போல நரம்பில் ஏற்றும் திரவம், காயம் இருக்கான்னு பரிசோதனை, நிக்கலைன்னா உடனே மேல் சிகிச்சைக்குத் தகவல். இதில் எதுவுமே புதுசு இல்லை. எல்லா டாக்டருக்கும் நர்ஸுக்கும் பாடத்தில் இருக்கிறதுதான்.

முடிவைக் கேளுங்க. வழக்கமான மருத்துவமனைகளில் உதிரப்போக்கு வந்தவங்களில் 51 சதவீதம் பேரைத்தான் கண்டுபிடிச்சாங்க. இந்த முறையில் 93 சதவீதம். முழு சிகிச்சையும் கிடைச்சது அங்கே 19 சதவீதம், இங்கே 91 சதவீதம். ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போறது, அதுக்காக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் பண்றது, ரத்தப்போக்கால் மரணம், இந்த மூணையும் சேர்த்துப் பார்த்தா 60 சதவீதம் குறைஞ்சது. மருந்து அதேதான். மாறினது, சீக்கிரம் கண்டுபிடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கை வெச்சதும்.

அந்த டிரானெக்சாமிக் ஆசிட் விலை அதிகமில்லாத பழைய மருந்து. 2017-ல் 20,000 பெண்களிடம் நடந்த ஆய்வில், 3 மணி நேரத்துக்குள் கொடுத்தா ரத்தப்போக்கால் வரும் மரணம் மூணில் ஒரு பங்கு அளவுக்குக் குறையுதுன்னு தெரிஞ்சது. லேட் ஆக ஆக, ஒவ்வொரு 15 நிமிஷத்துக்கும் பலன் சுமார் 10 சதவீதம் குறைஞ்சுக்கிட்டே போகுது. மருந்து ஸ்டோர் ரூமில் இருக்கு, சாவி வேற ஆள்ட்ட இருக்கு, அவர் சாப்பிடப் போயிருக்கார்னா 15 நிமிஷம் சும்மா போயிடும் தோழர்களே. அதனாலதான் தேவையான மருந்து, ஊசி, டியூப் எல்லாத்தையும் ஒரே பெட்டியில் போட்டு லேபர் ரூமிலேயே வைக்கணும்னு சொல்றாங்க.

சரி, இதையெல்லாம் எப்படிப் பழக்கறது?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் சவுத்மீட் மருத்துவமனை. 2000-ம் ஆண்டு வாக்கில் ஒரு முடிவு எடுத்தாங்க. லேபர் ரூமில் வேலை செய்யும் எல்லாரும், பெரிய டாக்டர், ஜூனியர் டாக்டர், மயக்க மருந்து டாக்டர், மிட்வைஃப், உதவியாளர், எல்லாரும் வருஷத்துக்கு ஒரு நாள் ஒண்ணா உட்கார்ந்து, தங்கள் சொந்த மருத்துவமனையிலேயே ஒத்திகை பார்க்கணும். ஒருத்தர் நோயாளியா நடிப்பார். போலி ரத்தம் ஓடும். வலிப்பு வரும். குழந்தையின் தோள் மாட்டிக்கும். ஸ்டாப் வாட்ச் ஓடும். முடிஞ்சதும் எது லேட் ஆச்சு, ஏன் ஆச்சுன்னு பேசுவாங்க.

2006-ல் வந்த அவங்க ஆய்வில், பிறந்த குழந்தைகளில் மூச்சுத் திணறலால் மூளை பாதிக்கப்பட்டவங்க எண்ணிக்கை 10,000-க்கு 27.3-லிருந்து 13.6 ஆ குறைஞ்சிருந்தது. பாதி. தோள் மாட்டிக்கிற அவசரத்தில் குழந்தைக்கு ஏற்படும் காயம் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமா குறைஞ்சது. பயிற்சி தொடர்ந்து 12 வருஷம் ஆனப்ப திரும்பக் கணக்கெடுத்தாங்க. தோள் நரம்பு பாதிச்சு நிரந்தரமா கை விளங்காமப் போன குழந்தை ஒண்ணுகூட இல்லை.

இன்னொரு ஆய்வில் 6 மருத்துவமனை ஊழியர்களுக்கு, கர்ப்பகால வலிப்பு, நம்மூர்ல ஜன்னின்னு சொல்றது, அதை வைத்து ஒத்திகை நடத்தினாங்க. வலிப்புக்கான மருந்து மெக்னீசியம் சல்ஃபேட். பயிற்சிக்கு முன் 61 சதவீதக் குழுக்கள்தான் அதை ஒழுங்கா கொடுத்து முடிச்சாங்க. பயிற்சிக்குப் பின் 92 சதவீதம். அதுவும் கிட்டத்தட்ட 2 நிமிஷம் முன்னாடியே. இதில் நமக்கு முக்கியமான செய்தி என்னன்னா, சிலருக்கு நவீன சிமுலேஷன் சென்டரில் பயிற்சி, சிலருக்கு அவங்க ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி. பலனில் வித்தியாசமே இல்லை. கோடிக்கணக்கில் கட்டிடம் கட்டி, ரிப்பன் வெட்டி, கல்வெட்டில் பேர் போடத் தேவையில்லை. தாலுகா ஆஸ்பத்திரி லேபர் ரூமிலேயே, இருக்கிற ஆட்களை வைத்தே நடத்தலாம். இடுப்பில் கட்டிக்கொள்ளும் பொம்மை மாடல் இருக்கு, ஒரு நர்ஸ் கட்டிக்கிட்டா பிரசவம், ரத்தப்போக்கு எல்லாத்தையும் நடிச்சுக் காட்டலாம்.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது புரியும். ஃபேக்டரியில் தீயணைப்பு ஒத்திகை எதுக்கு? தீயை அணைக்கத் தெரியாதுன்னா? சைரன் அடிக்கிறப்ப யார் மெயினை ஆஃப் பண்ணுவா, யார் கதவைத் திறப்பா, யார் தலை எண்ணுவான்னு முன்னாடியே பிரிச்சு வைக்கத்தான். லேபர் ரூமில் அது இல்லைன்னா என்ன நடக்கும்? டாக்டர் பதட்டத்தில் "யாராவது ஊசி எடுங்க"ன்னு சத்தம் போடுவார். யாராவதுன்னா யாரு? ரெண்டு பேர் ஓடுவாங்க, இல்லைன்னா யாருமே ஓட மாட்டாங்க. ஒத்திகையில் பழகின டீம்ல, பேர் சொல்லிக் கூப்பிட்டு, மருந்து பேரும் அளவும் சொல்வாங்க. கேட்டவர் அதையே திருப்பிச் சொல்வார். கொடுத்து முடிச்சதும் "கொடுத்துட்டேன்"னு சத்தமா சொல்வார். ஒருத்தர் சுவர் கடிகாரம் பார்த்து நேரத்தை எழுதுவார். கேட்க சின்ன விஷயம். நடுராத்திரி 2 மணிக்கு ரெண்டு நர்ஸும் ஒரு டியூட்டி டாக்டரும் இருக்கிற வார்டில் இதுதான் உயிர்.

இன்னொண்ணு. நம்ம சமூகத்தில் மேல் கீழ் பார்க்கிற பழக்கம் ஆஸ்பத்திரி வாசலோட நின்னுடலை. ஆயாம்மா முதலில் ரத்தத்தைப் பார்ப்பாங்க. அவங்க நர்ஸ்ட்ட சொல்லத் தயங்குவாங்க. நர்ஸ் ஜூனியர் டாக்டர்ட்ட சொல்லத் தயங்குவாங்க. ஜூனியர் டாக்டர் ராத்திரி பெரிய டாக்டருக்கு போன் போடத் தயங்குவார். ஒவ்வொரு தயக்கமும் 10 நிமிஷம். எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து ஒத்திகை பார்க்கும்போது, யார் வேணும்னாலும் "ரத்தப்போக்கு அதிகமா இருக்கு, வாங்க"ன்னு மணி அடிக்கலாம் என்பது வழக்கமாகிடும். சமத்துவம்னு மேடையில் பேசுற நாம, லேபர் ரூமில் அதுக்கு ஒரு பயன் இருக்குன்னு புரிஞ்சுக்கணும்.

இப்ப உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். பயிற்சி கொடுத்துட்டா எல்லாம் சரியாகிடுமா? நேர்மையா சொல்றேன், ஆகாது.

உத்தரப்பிரதேசத்தில் 120 மருத்துவ மையங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2017-ல் முடிவு வந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்கள். ஊழியர்களுக்கு பிரசவ சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பழக்கிக் கொடுத்தாங்க. 2 மாசத்தில் சரியான நடைமுறைகள் 73 சதவீதத்துக்கு வந்தது, மத்த இடத்தில் 42 சதவீதம்தான். ஆனா 12 மாசத்தில், பழக்கிக் கொடுத்தவங்க கிளம்பிப் போனபிறகு, அந்த 73 குறைஞ்சு 62 ஆச்சு. இதைவிட முக்கியம், இறப்பிலும் கடுமையான பாதிப்பிலும் வித்தியாசமே வரலை. ஒரு பக்கம் 15.1 சதவீதம், இன்னொரு பக்கம் 15.3.

இதை மறைச்சுட்டு நான் பேசினா, அது நம்ம எதிர்க்கட்சி ஐடி விங் செய்ற வேலை. என்ன புரிஞ்சுக்கணும்? ஒரு தடவை பயிற்சி கொடுத்து போட்டோ எடுத்துட்டுப் போனா அது தேய்ஞ்சு போகும். ரத்த வங்கி இல்லாத, சிசேரியன் பண்ண ஆள் இல்லாத, ரெஃபர் பண்ணா போய்ச் சேர வழி இல்லாத இடத்தில் பட்டியல் மட்டும் உயிரைக் காப்பாத்தாது. ஒத்திகையும் வேணும், அடிக்கடி வேணும். கூடவே ஆட்கள் வேணும், ரத்தம் வேணும், மருந்து வேணும். காலிப் பணியிடத்தை நிரப்பாம "பயிற்சி கொடுத்துட்டோம்"னு எந்த அரசு சொன்னாலும், நம்ம ஆட்சியே ஆனாலும், நாம கேள்வி கேட்கணும்.

கடைசியா, நம்ம பங்கு என்ன? இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது.

2022 மார்ச்சில் ராஜஸ்தான் மாநிலம் தௌசா மாவட்டம் லால்சோட்டில் ஒரு தாய் பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கில் இறந்தார். ஆஸ்பத்திரி முன் போராட்டம் நடந்தது. டாக்டர் மேல் கொலை வழக்கு போட்டாங்க. மறுநாளே அந்தப் பெண் டாக்டர் தற்கொலை செய்துகொண்டார். ரெண்டு வீட்டில் குழந்தைங்க தாயில்லாமப் போச்சு. அந்தச் செய்தியைப் படிச்சப்ப நான் போட்ட வீடியோதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அலட்சியம் நடக்கலைன்னு நான் சொல்லலை. நடக்குது. நடந்தா விசாரணை வேணும், நடவடிக்கை வேணும், நிவாரணம் வேணும். ஆனா ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு ஆளைப் பிடிச்சு மாட்டிவிட்டா, அடுத்த தடவை டாக்டர் ரிஸ்க் எடுக்க மாட்டார். "இங்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு எழுதிக் கொடுத்துடுவார். பாதி வழியில் ஆம்புலன்ஸில் உயிர் போகும். அது எந்த வீடியோவிலும் வராது.

கேரளா 19-க்கு வந்ததுக்குப் பல காரணம் இருக்கு. கல்வி, வருமானம், சுகாதாரம் எல்லாம் உண்டு. அதோட ஒரு நல்ல பழக்கமும் உண்டு. 2004-லிருந்து அங்கே மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பு, இறந்த தாய்மார்களின் கேஸ்களை, தாயின் பேர், டாக்டர் பேர், ஆஸ்பத்திரி பேர் எல்லாத்தையும் மறைச்சுட்டு ஆராயுது. யார் தப்புன்னு தேடாம, எங்க ஓட்டை இருக்குன்னு தேடி, அதுக்கேத்த மாதிரி பயிற்சி கொடுக்குறாங்க. தமிழ்நாட்டிலும் தாய் மரணத் தணிக்கை பல வருஷமா நடக்குது. அதில் கிடைக்கிற பாடம் அடுத்த மாசம் எல்லா லேபர் ரூமுக்கும் ஒத்திகையா போய்ச் சேரணும். அதுதான் நம்ம கோரிக்கை.

நாம இதைச் செய்வோம் தோழர்களே.

ஒண்ணு. எங்கேயாவது தாய் இறந்தார்னு தகவல் வந்தா, 24 மணி நேரத்துக்கு வீடியோ போட மாட்டோம். டாக்டர், நர்ஸ் முகத்தைக் காட்ட மாட்டோம். இறந்த பெண்ணின் படத்தைப் போடவே மாட்டோம். குடும்பத்தோட நிற்போம்.

ரெண்டு. "யார் கொன்னது?"ன்னு கேட்கறதுக்குப் பதிலா இதைக் கேட்போம்: அன்னைக்கு ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர் இருந்தாங்க? அவசர மருந்துப் பெட்டி இருந்ததா? ரத்தத்தை அளக்கிற விரிப்பு இருந்ததா? கடைசியா ஒத்திகை எப்ப நடந்தது? ரத்தம் எவ்வளவு நேரத்தில் வந்தது? தணிக்கை நடந்ததா? இந்தக் கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

மூணு. நம்ம மாநில நிர்வாகிகள் மூலமா இந்தக் கோரிக்கைகளை வைப்போம். பிரசவம் பார்க்கும் எல்லா அரசு, தனியார் ஆஸ்பத்திரியிலும் மாதம் ஒரு முறை சின்ன ஒத்திகை, வருஷத்துக்கு ஒரு நாள் முழுப் பயிற்சி. இரவு டியூட்டி ஊழியர்களுக்கும் சேர்த்து. பயிற்சி நாளில் மாற்று ஆள். ஒப்பந்த நர்ஸுக்கும் தூய்மைப் பணியாளருக்கும் அதில் இடம். மத்திய அரசின் லக்ஷ்யா திட்டம் 2017 டிசம்பரிலிருந்து லேபர் ரூம்களுக்குத் தரச் சான்று கொடுக்குது. சான்றிதழ் சுவரில் தொங்கினா போதாது, ஒத்திகை நோட்டையும் காட்டச் சொல்வோம்.

நாலு. நம்ம ரத்ததான குரூப்பை ஒழுங்குபடுத்துவோம். பெரும்பாலும் நாம கூப்பிடுறது ராத்திரி 2 மணிக்கு, எல்லாம் கைமீறின பிறகு. அதுக்கு முன்னாடியே மாசாமாசம் ரத்த வங்கியில் முகாம் நடத்தி இருப்பு வைப்போம். அரிய வகை ரத்தம் உள்ளவங்க பட்டியலை ஒன்றிய வாரியா வைப்போம். ரத்தத்துக்கு முன்கூட்டியே சோதனை செய்ய நேரம் ஆகும், டோனர் கையை நீட்டினதும் ஏத்திட முடியாது. இருப்பு இருந்தாத்தான் உயிர்.

அஞ்சு. வீட்டுப் பிரசவம் பண்ணுங்கன்னு யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்றவங்களை எதிர்ப்போம். 2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து, ரத்தப்போக்கில் ஒரு ஆசிரியை இறந்ததை மறந்துடாதீங்க. 2024-லும் சென்னை பக்கத்தில் அப்படி ஒரு வாட்ஸ்அப் குரூப் பிடிபட்டது. ஆனா எதிர்க்கும்போது கேலி பண்ணாதீங்க. ஆஸ்பத்திரியில் திட்டுறாங்க, அடிக்கிறாங்க, தேவையில்லாம வயித்தைக் கிழிக்கிறாங்கன்ற பயம் சிலருக்கு இருக்கு. தமிழ்நாட்டில் 2019-21 கணக்கில் 44.9 சதவீதம் சிசேரியன். அந்தப் பயத்துக்கும் நாம பதில் சொல்லணும். மரியாதையா நடத்துறதும் பயிற்சியில் ஒரு பாகம்தான்.

முடிக்கிறேன். அந்த நர்ஸம்மாவை ரெண்டு மாசம் முன்னாடி திரும்பப் பார்த்தேன். அவங்க வார்டில் அவங்களாவே ஒரு ஒத்திகை ஆரம்பிச்சிருக்காங்க. பீட்ரூட் தண்ணியை ரத்தமா வெச்சு, ஒரு டிரெய்னி நர்ஸைப் படுக்க வெச்சு. முதல் தடவை எல்லா மருந்தும் போட்டு முடிக்க 22 நிமிஷம் ஆச்சாம். அவங்க நோட்டில் எழுதி வெச்சிருக்காங்க. நாலாவது தடவை 9 நிமிஷம். "மருந்துப் பெட்டி சாவியைக் கழட்டிப் போட்டுட்டோம் தம்பி, அதுலயே பாதி நேரம் மிச்சம்"னாங்க.

யாரும் உத்தரவு போடலை. நிதி ஒதுக்கலை. ஒரு நர்ஸும், ஒரு நோட்டும், ரெண்டு பீட்ரூட்டும். இதை எல்லா ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக ஒரு அரசாணையும், நம்மை மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கிற ஆட்களும் வேணும். கேட்போம்.



உரையில் உள்ள மருத்துவத் தகவல்கள் பொதுமக்கள் விழிப்புணர்வுக்காக மட்டுமே. சிகிச்சை முடிவுகள் மருத்துவர்களுடையது. உங்கள் ஒன்றியத்தில் ரத்ததானப் பட்டியலில் சேர விரும்பும் தோழர்கள், ரத்த வகையையும் ஒன்றியத்தின் பெயரையும் அணிப் பொறுப்பாளரிடம் தெரிவிக்கவும்.

#தாய்நலம்_காப்போம் #பிரசவஅறை_ஒத்திகை #ரத்ததானம்_செய்வோம்